காற்கூறு

என் மாமியார், எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு ஆயா. முப்பது வருடம் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றவர். தராசு வைத்துக்கொண்டதே இல்லை. கோணியை விரித்து நெத்திலியைச் சின்னச் சின்னக் குவியலாக வைப்பார். அந்தக் குவியலுக்குப் பெயர் கூறு. கூறு என்ன விலை என்று சொல்வார், வாங்குகிறவர் தனக்குப் பிடித்த கூறைக் காட்டுவார், வியாபாரம் முடிந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் நன்னூல் இலக்கணத்தின் முன்னுரையான பொதுப்பாயிரத்தைப் பெரியவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "காற்கூறு" என்று ஒரு சொல் வந்தது. பக்கத்தில் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்த என் எட்டு வயது மகள் நிமிர்ந்து, "ஆயா, உன் கூறு புக்குல வந்திருக்கு!" என்று கத்தினாள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா, "இன்னா மீனாம்?" என்று கேட்டார்.

அது படிப்புக் கணக்கு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் போட்டு வைத்தது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்கு அதில் காற்கூறுதான் பிடிபடும். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் வரும். மீதி இரண்டு கால், அதாவது சரிபாதி, தான் படித்ததை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும்.

தமிழ் இலக்கியம் படித்தவள் நான். கல்லூரியில் இதே வரிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அப்போது எனக்குக் கிடைத்தது காற்கூறுகூட இல்லை என்று இப்போது தெரிகிறது. நான்கு பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்து ஐந்து வருடம் ஆனபிறகு அன்றைக்குத்தான் அந்த வரிகள் எனக்குத் திறந்தன. எங்கள் கூடத்தில் தினமும் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது பெரியவளுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து. வீட்டில் இருந்தது ஒரு போன். என் கணவருக்குக் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. அவர் கிளம்பினால் போனும் கிளம்பிவிடும். இருக்கிற நாட்களில் பெரியவள் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "இன்னைக்கு என்ன கண்ணு நடத்தினாங்க?" என்று கேட்டேன். "தெரியலம்மா, நான் ம்யூட்ல இருந்தேன்" என்றாள். அன்று இரவு பரணிலிருந்து என் பழைய புத்தகப் பெட்டியை இறக்கினேன். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது கடைக்குட்டி கைக்குழந்தை. பெரியவளிடம் கேட்டோம். அவள் யோசித்துவிட்டு, "இப்படியே படிக்கலாம்மா" என்றாள். இப்போது அவளுக்கு 13, பையனுக்கு 10, அடுத்தவளுக்கு 8, குட்டிக்கு 4.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தேடியபோதுதான் ஐரோப்பியச் செவ்வியல் கல்வியைப் பற்றிப் படித்தேன். இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்று மூன்று கலைகள். அவற்றின்மேல் கணக்கு, வடிவியல், இசை, வானியல் என்று நான்கு. 1947-இல் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்போர்டில் பேசிய ஓர் உரையில், முதல் மூன்றையும் பிள்ளைகளின் வயதோடு பொருத்திக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் எதையும் கிளிபோல ஒப்பிக்க ஆசைப்படுவார்கள், அப்போது மனப்பாடம் கொடுங்கள். பன்னிரண்டு வயதுவாக்கில் எதிர்த்துப் பேசுவார்கள், அப்போது தருக்கம் கொடுங்கள். அதற்குமேல் தங்களை வெளிப்படுத்தத் துடிப்பார்கள், அப்போது சொல்லாட்சி. அமெரிக்காவில் வீட்டில் படிப்பிக்கிற பெற்றோர் பலர் இதை வைத்தே பாடத்திட்டம் போட்டிருக்கிறார்கள். வரலாற்றை நான்காகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு காலம் என்று பன்னிரண்டு வருடத்தில் மூன்று சுற்று சுற்றுவார்கள்.

நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். நான்கு அட்டையில் தனித்தனி நேர அட்டவணை. பெரியவளுக்கு லத்தீன்கூட எழுதி வைத்திருந்தேன். மூன்று வாரம் ஓடியது. ஒருவருக்குச் சொல்லும்போது மற்றவர் சும்மா இருந்தார்கள், சும்மா இருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள், கைக்குழந்தை அழுதது, சோறு குழைந்தது. நான்காவது வாரம் அட்டைகளைக் கழற்றிவிட்டு எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஆத்திசூடி சொல்ல ஆரம்பித்தேன். வேறு வழி தெரியாமல் செய்தது அது. ஆனால் அன்று முதல் முறையாகக் கூடத்தில் சத்தம் ஒரே குரலாக வந்தது.

லத்தீனை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே ஒரு பிள்ளைக்கு லத்தீன் என்ன செய்கிறதோ, அதைச் செய்ய நமக்குச் செய்யுள் தமிழ் இருக்கிறது. வீட்டில் பேசுகிற மொழியிலிருந்து பிரிந்து தூரத்தில் நிற்கும், அதே சமயம் வேர் இங்கேயே இருக்கும். பிரித்துப் பார்க்க இலக்கணம் வேண்டும். சரி, அதுவே போதும் என்று தோன்றியது.

இப்போது காலை எப்படிப் போகிறது என்றால், எண்ணூர் விரைவுச் சாலை லாரிகளின் ஹாரன் கொஞ்சம் அடங்குகிற நேரத்தில் பாய் விரிப்போம். முதல் அரைமணி நேரம் நால்வரும் சேர்ந்து மனப்பாடம். ஆத்திசூடி முடிந்து கொன்றை வேந்தன் 91 வரி, பிறகு மூதுரை 30 வெண்பா, இப்போது நல்வழி. குட்டிக்கு எதுவும் புரியாது, ராகம் மட்டும் பிடிக்கும். அதன்பிறகு பிரிவோம். பெரியவள் குட்டிக்கு எழுத்து சொல்லித் தருவாள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி விரலால் எழுதுவது. மணலில் எழுதுவதுதான் பழைய வழக்கம், ஆனால் இந்தப் பக்கம் நல்ல மணலுக்கு எங்கே போவது. அரிசியை ஆயா தினமும் எண்ணாத குறையாகப் பார்த்து டப்பாவில் திரும்பக் கொட்டுவார். அந்த அரை மணியில் நான் பையனோடு கணக்கில் இருப்பேன். அப்புறம் வரலாறு, எல்லோரும் சேர்ந்து. ஆங்கிலமும் அறிவியலும் மதியம். அவற்றுக்கு அரசுப் பாடப்புத்தகங்களே நன்றாக இருக்கின்றன, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மனப்பாடத்தைப் பற்றி நிறைய பேர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். புரியாமல் ஒப்பித்து என்ன பயன் என்பார்கள். புரிவதற்கு முன்னால் பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கண்டது. "ஙப்போல் வளை" என்று நாலு வயதில் பாடிய வரியை ஏழு வயதில் நடுவில் நிறுத்தி, "ங எதுக்கும்மா? ங-ல ஒரு வார்த்தையும் இல்லியே" என்று கேட்டாள் என் மூன்றாவது மகள். வளைந்து கொடுத்துப் போ என்று ஒரு பொருள் சொன்னேன். பழைய உரை ஒன்று வேறு மாதிரி சொல்லும்: ங என்ற எழுத்து தனக்கு மட்டும் வேலை இருந்தும், வேலை எதுவும் இல்லாத ஙா, ஙி, ஙீ எல்லாவற்றையும் தன்னோடு சேர்த்து வைத்திருக்கிறது, அதுபோல உன் இனத்தாரைத் தழுவிக்கொள் என்று. அவள் அரிச்சுவடியை எடுத்து ங வரிசையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மூன்று வருடம் வாயில் இருந்த வரி அன்றைக்கு உள்ளே இறங்கியது. வாயில் இல்லாமல் இருந்திருந்தால் எது இறங்கும்?

அதே ஆத்திசூடிதான் பெரியவளோடு சண்டையையும் கொண்டுவந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தங்கைக்குத் தகர வரிசை சொல்லித் தந்துகொண்டிருந்தவள் "தையல் சொல் கேளேல்" வந்ததும் நிறுத்திவிட்டாள். "இத நான் இவளுக்குச் சொல்லித் தர மாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "தையல்னா பொம்பளைதானே. எழுதின ஔவையாரே பொம்பளைதான். அவங்க சொல்லைக் கேட்கக் கூடாதுன்னா இந்த வரியையும் கேட்கக் கூடாது. கேட்கணும்னா இந்த வரி தப்பு. எப்படிப் பார்த்தாலும் இது நிக்காது."

சேயர்ஸ் சொன்ன இரண்டாம் கட்டம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அன்றே தெரிந்துகொண்டேன். வாயடைத்து உட்கார்ந்தேன், சந்தோஷமாகவும் இருந்தது. பாரதியின் புதிய ஆத்திசூடியை எடுத்துக் கொடுத்தேன். அதே தகர வரிசையில், அதே தை-யில், "தையலை உயர்வு செய்" என்று அவர் மாற்றி வைத்திருப்பதைத் தானே கண்டுபிடித்தாள். அடுத்த வரி "தொன்மைக்கு அஞ்சேல்." அதைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தாள். பழைய வரியை அழிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தங்கைக்கு இரண்டையும் சொல்லித் தந்தாள், எது ஏன் சரி என்று தன் வாதத்தையும் சேர்த்து. வாதத்தைத் தங்கைக்குப் புரியும்படி சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் அவள் தெளிந்த அளவுக்கு நான் எந்தப் பாடத்திலும் அவளைத் தெளியவைத்ததில்லை.

பையனைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். அவனுக்குச் செய்யுள் நிற்காது. அக்காவும் தங்கையும் மூன்று நாளில் ஒப்பிக்கிற வெண்பாவுக்கு அவனுக்கு மூன்று வாரம் ஆகும், அதுவும் மறுநாள் கரைந்துவிடும். நன்னூலில் மாணவர்களை வகைப்படுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. அன்னமும் பசுவும் தலை மாணாக்கர், மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை) ஆகியவை கடை. அதைப் பெரியவளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இரவு படுக்கும்போது, "அம்மா, நான் ஓட்டைக்குடம்தானே?" என்றான். முந்தின வாரம் ஒரு கோபத்தில் அதே வார்த்தையை நானே அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் மறக்கவில்லை. எல்லாவற்றையும் மறக்கிறான் என்று நான் சொன்ன பிள்ளை அதை மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் யார் என்று எனக்குக் காட்டியது எண்சுவடி என்கிற பழைய வாய்ப்பாட்டு நூல். பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்குக் கீழே உள்ள பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. கால், அரை, முக்கால் நாம் இன்றும் சொல்கிறோம். அதற்குக் கீழே அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று, அதையே வீசம் என்றும் சொல்வார்கள். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. ஆயாவின் ஆழாக்கும் படியும் வீட்டில் இருந்ததால் அரைக்கால் அவனுக்கு உடனே புரிந்தது: எட்டு ஆழாக்கு ஒரு படி. அரைக்கால் என்றால் காலில் அரை. அரையையும் காலையும் பெருக்கினால் எட்டில் ஒன்று. சரி. அப்படியானால் மாகாணி என்றால் மாவையும் காணியையும் பெருக்க வேண்டும் என்று அவனே பெருக்கினான். 1,600-இல் ஒன்று வந்தது. சுவடியில் பதினாறில் ஒன்று என்று இருக்கிறது.

"புக்கு தப்பும்மா" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. கட்டம் போட்ட நோட்டில் எண்பது கட்டத்தைக் கோடு போட்டு அடைத்தான். ஒரு கட்டம் காணி. நாலு கட்டம் மா. எவ்வளவோ நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் ஓடிவந்தான். "பெருக்கலே இல்லம்மா, கூட்டல்! மாவும் காணியும் சேர்ந்தா அஞ்சு கட்டம். எண்பதுல அஞ்சு, பதினாறுல ஒண்ணு. பேருலயே கணக்கு இருக்கு!"

அதோடு முடியவில்லை. ஒரு பேரில் பெருக்கல், இன்னொரு பேரில் கூட்டல் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியவள் விதி ஒன்று சொன்னாள்: இருநூறு என்றால் இரண்டும் நூறும் பெருக்கல், நூற்றிரண்டு என்றால் கூட்டல், சின்னது முன்னால் வந்தால் பெருக்கு, பெரியது முன்னால் வந்தால் கூட்டு. நல்ல விதி என்று நானும் நினைத்தேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரைக்கால்ல அரைதானே பெருசு, அதுதானே முன்னாடி இருக்கு. அது ஏன் கூட்டல் இல்ல?" என்றான். விதி விழுந்தது. பெரியவளுக்குக் கோபம், இரண்டு நாள் வேறு விதி தேடினாள். இன்னும் கிடைக்கவில்லை. அவன் பசு. பார்த்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, ஓரமாகப் படுத்து மெல்ல அசைபோடும் பசு. செய்யுளில் ஓட்டைக்குடமாகத் தெரிந்தவன் கணக்கில் தலை மாணாக்கன். ஒரே பிள்ளைக்குள் இந்த எட்டும் வெவ்வேறு நேரத்தில் வந்துபோகும் என்றுதான் நான் இப்போது அந்த நூற்பாவைப் படிக்கிறேன்.

வரலாற்றுக்கு நான்கு வருடச் சுற்று எங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. எல்லோரும் ஒரே காலத்தைப் படிப்பார்கள், அவரவர் வயதுக்கு ஏற்ற ஆழத்தில். வடசென்னையில் இருந்துகொண்டு இதைப் படிக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. முதல் வருடத்துக்குக் கல்லாயுதம் கிடைத்த அத்திரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. நான்காம் வருடத்துக்கு 1856-இல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையமும், 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்ட துறைமுகமும், 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த பெரம்பூரும் கிட்டத்தட்ட நடந்துபோகிற தூரம். கொத்தவால்சாவடி போகும்போது ஏழுகிணற்றில் வள்ளலார் வளர்ந்த வீராசாமி தெருவையும் காட்டிவிடலாம்.

இரண்டாம் வருடத்துக்குத் திருவொற்றியூர் போனோம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் புது வண்ணாரப்பேட்டைக்குள் ரயில் தரைக்கு மேலே வந்துவிடும். வழியில் காலாடிப்பேட்டை. காலாடி என்றால் என்ன என்று குட்டி கேட்க, அது காலெட் பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய ஊர் என்று பெரியவள் சொன்னாள். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினோம். சுந்தரரும் சங்கிலியாரும், மகிழ மரமும், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமல் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்த கலிய நாயனாரும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகள். நான் காட்ட நினைத்தது வேறு. சோழர் காலத்தில் இந்தக் கோயிலில் வியாகரண தான வியாக்கியான மண்டபம் என்று ஒன்று இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பாணினி இலக்கணம் கற்றுத் தருவதற்கென்றே ஒரு மண்டபம். அன்று காலையில்தான் பகுபதம் பிரிக்க மாட்டேன் என்று பையன் அழுதிருந்தான். "எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கயும் எவனோ அழுதிருப்பான்" என்று பெரியவள் அவன் தோளில் கை போட்டாள்.

சுவரில் இருந்த எழுத்துகளை அவள் விரலை ஓட்டாமல், கண்ணால் மட்டும் வெகுநேரம் படிக்க முயன்றாள். சில எழுத்துகள் பிடிபட்டன. "அம்மா, புள்ளியே இல்ல" என்றாள். ஆமாம், கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டில் அவளே ஒரு விளையாட்டு உண்டாக்கினாள். புள்ளி இல்லாமல் வார்த்தைகளை எழுதித் தம்பி தங்கையிடம் கொடுப்பது. "பலலி", "படடம", "வணணததுபபூசசி". அவர்கள் புள்ளி வைத்துத் திருப்பித் தர வேண்டும். மெய் எங்கே வரும், உயிர்மெய் எங்கே வரும் என்று நான் ஆறு மாதம் சொல்லியும் ஏறாதது அந்த ஒரு வாரத்தில் எட்டு வயதுக்காரிக்கு ஏறிவிட்டது.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித் தருவதை உலகத்துக்கே எடுத்துப்போனவர் ஒருவர் நம் ஊரிலிருந்துதான் எடுத்துப்போனார். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்தினார். இங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்திருக்கிறார். அதைத் தன் விடுதியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்ன வகுப்புக்குப் பொறுப்பாக வைத்தார். அவன் செய்து காட்டினான். பெல் அதை 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட, மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்று இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பவணந்தியார் சொன்ன அந்தப் பாதியைச் சட்டாம்பிள்ளைகள்தான் வாங்கியிருப்பார்கள்.

அதற்காகத் திண்ணைப் பள்ளியை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டாட எனக்கு மனம் வராது. 1820-களில் கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுத்தபோது மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெருமையான எண்தான். ஆனால் அவற்றில் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் மூடியே இருந்தன. கோதண்டம் என்று பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடுகிற தண்டனையும் அங்கேதான் இருந்தது. என் மாமியார் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. நூல்கள் எல்லோருக்கும் உரியவை. அவற்றைச் சுற்றிப் போட்டிருந்த வேலி வேண்டாம். மீன் விற்ற வீட்டுக் கூடத்தில் நன்னூல் ஓதப்படுவதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியின் பெரும்பகுதி இதுதான்.

தெருவில் கேள்விகள் வரும். "இன்னாக்கா, பசங்கள ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டியா?" ஆயாவுக்கு அதற்கு ஒரே பதில்: "ராமலிங்க சாமி எந்த ஸ்கூல்ல படிச்சாரு?" பள்ளிக்குப் போக மறுத்து, அண்ணனிடம் பாடம் கேட்க உட்கார்ந்து, அதையும் தாண்டிப் போனவர் வள்ளலார். ஆனால் அந்தப் பதிலை நான் சொல்வதில்லை. என் பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகள். சட்டத்தைக் கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்வேன்: 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை, வீட்டுக் கல்வி என்ற சொல் அதில் இல்லவே இல்லை. இந்த இடைவெளியில்தான் நாங்கள் இருக்கிறோம். அது எனக்குச் சில இரவுகளில் பயமாகவும் இருந்திருக்கிறது. 14 வயது நிரம்பினால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், தமிழ் வழியிலேயே, ஐந்து பாடம். பெரியவள் அதற்குத்தான் இப்போது தயாராகிறாள். கூட விளையாடப் பிள்ளைகள் இல்லையே என்று யாராவது சொன்னால் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வரச் சொல்வேன்.

இதில் எதுவும் பள்ளிக்கு எதிரான வழக்கு இல்லை. ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. என் அனுபவம் முழுக்க, வெவ்வேறு வயதில் பல பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதைப் பற்றியது. முதல் மூன்று வாரம் எது எனக்குச் சுமையாகத் தெரிந்ததோ அதுதான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு என்று கண்டுகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது.

போன திங்கள்கிழமை முதல் பெரியவளுக்குக் காலை நேரம் தேர்வுப் படிப்புக்குப் போய்விட்டது. குட்டியின் அரிசித் தட்டு மூன்றாமவள் கைக்கு வந்திருக்கிறது. பெல்லின் சட்டாம்பிள்ளைக்கும் எட்டு வயதுதான் என்று நான் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரு மிடுக்கு. முதல் நாள் நான் அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். குட்டி ங-வைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறாள். இவள் அரிசியைத் தட்டிச் சமமாக்கிவிட்டு, "திரும்ப" என்றாள். மறுபடியும் திரும்பியே வந்தது. "ஆயாவைக் கூப்பிடு" என்று குட்டி சிணுங்கினாள்.

"ஆயாக்கு எழுதத் தெரியாது, கைய குடு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் ஆயாவின் குரல் கேட்டது. "எனக்கும் ஒரு தரம் போட்டுக் காட்டு, பாக்கலாம்."

தட்டை இழுத்து நடுவில் வைக்கிற ஓசையும் அரிசி சரிகிற ஓசையும் கேட்டன. நான் புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தேன்.